கதவைச் சாத்திவிட்டுக் கேட்ட கேள்வி

போன வாரம் காவ்யா போன் செய்தாள். நான் விட்டுவிட்டு வந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்தான்.

"அக்கா, இனிமே கிட்னி டோனர் இன்டர்வியூவை வீடியோ கால்ல வெச்சுக்கலாமான்னு மேனேஜ்மென்ட்ல யோசிக்கிறாங்க. குடும்பமே வீட்டுல ஒரே சோபாவுல உக்காந்து பேசிடலாமாம். ஆஸ்பத்திரிக்கு அலைய வேணாம்ல? நீங்க என்ன சொல்றீங்க?"

அந்த நேரத்தில் என் மகள் குக்கர் மூடியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சுவரில் முட்டப் போய்க்கொண்டிருந்தாள். "அப்புறம் பேசறேன்டா" என்று வைத்துவிட்டேன். அப்புறம் பேசவில்லை. என்ன சொன்னாலும் பாதிதான் சொன்னதாக இருக்கும் என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன். காவ்யாவுக்காகவும், சமூகப்பணி படித்துவிட்டு மருத்துவமனை வேலைக்குப் போகும் மற்ற பிள்ளைகளுக்காகவும். எழுதத் தகுதி உண்டா என்று கேட்டால் எனக்கே சந்தேகம்தான். முப்பத்து நான்கு வயதில் ஓய்வு பெற்றவள் என்று யாராவது சொல்லிக்கொள்வார்களா? ஆனால் ஓடி ஓடிச் செய்த வேலை நின்றுவிட்டது. அது என்ன வேலை என்று சொல்ல எனக்கு வாய் இருக்கிறது.

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஒரு மருத்துவமனையில் உறுப்பு மாற்றுப் பிரிவில் ஒருங்கிணைப்பாளராக இருந்தேன். ஒருவருக்குச் சிறுநீரகம் கொடுக்க இன்னொருவர் முன்வந்தால், அவர் மனமுவந்துதான் கொடுக்கிறாரா என்று பேசித் தெரிந்துகொண்டு அறிக்கை எழுத வேண்டும். அப்பா, அம்மா, உடன்பிறந்தவர், கணவன், மனைவி போன்ற நெருங்கிய உறவென்றால் சட்டம் பெரும்பாலும் வழிவிடும். மற்றவர் என்றால் அரசின் அனுமதிக் குழு முன்னால் போய், அன்பினால்தான் கொடுக்கிறேன், பணத்துக்காக இல்லை என்று நிரூபிக்க வேண்டும். விற்பதும் வாங்குவதும் குற்றம்.

எங்கள் அப்பார்ட்மென்ட்டில் யாரிடம் இதைச் சொன்னாலும் சிரிப்பார்கள். என் கணவரே கேட்டிருக்கிறார்: "அன்பு இருக்கா இல்லையான்னு கவர்மென்ட் எப்படிம்மா செக் பண்ணும்? அவனவன் ஒழுக்கத்துல சட்டத்துக்கு என்ன வேலை?" நியாயமான கேள்விதான். அந்தக் கேள்வியைப் பையில் போட்டுக்கொண்டுதான் தினமும் வேலைக்குப் போனேன்.

படிப்பையும் பயிற்சிக் காலத்தையும் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. சட்டத்தை மனப்பாடம் செய்தேன், வார்டில் அலைந்தேன், எல்லாரிடமும் மரியாதையாகப் பேசக் கற்றுக்கொண்டேன். வேலை என்று ஒன்றைக் கற்றுக்கொண்டது எஸ்தர் மேடத்திடம்தான். அவர்தான் எங்கள் பிரிவின் தலைவர்.

மேடம் பேட்டிக்கு உட்காரும் விதமே தனி. மேசைக்குப் பின்னால் உட்கார மாட்டார். நாற்காலியை இழுத்து வந்து, எதிரில் இல்லாமல், வந்தவருக்குப் பக்கத்தில் போட்டுக்கொள்வார். பேருந்தில் பக்கத்து சீட்டுக்காரர் மாதிரி. தன் போனையும் அவர் போனையும் இழுப்பறையில் வைப்பார். தண்ணீரைத் தன் கையால் ஊற்றிக் கொடுப்பார். பிறகு எழுந்துபோய்க் கதவைத் தானே சாத்துவார். அட்டெண்டரைச் சாத்தச் சொன்னதே இல்லை. "சாத்தினது யாருன்னு அவங்க பாக்கணும்" என்பார்.

பிறகு ஊர், வேலை, சாப்பாடு என்று பேச்சு போகும். "அவர் மேல பாசமா?" என்று ஒரு நாளும் கேட்டதில்லை. "பாசத்தைச் சொல்லிக் குடுத்து அனுப்பிடுவாங்க. கேட்டா ஒப்பிப்பாங்க" என்பார். அவர் கேட்பது வேறு ஒன்று.

"அவர் மேல உங்களுக்கு என்ன கோபம்?"

முதல்முறை கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உயிரைக் காப்பாற்ற வந்தவரிடம் கேட்கிற கேள்வியா இது? போகப் போகப் புரிந்தது. கோபத்தை யாரும் சொல்லிக் கொடுத்து அனுப்புவதில்லை. சொந்த அக்கா என்றால், கல்யாணத்தில் எந்தப் புடவையை யாருக்குக் கொடுத்தார்கள் என்பதில் ஆரம்பித்துவிடுவார். அவரைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. "கோபமே இல்லீங்க, தங்கமான மனுஷர்" என்று சொல்பவரிடம்தான் கொஞ்சம் உட்கார வேண்டும். அவர் பயந்திருக்கலாம், கடன்பட்டிருக்கலாம், இல்லை அந்த மனிதரை நேற்றுத்தான் முதல்முறை பார்த்திருக்கலாம்.

இன்னொரு வழக்கமும் எங்களிடம் இருந்தது. மூடிய கதவுக்குள் ஒருவர் "எனக்கு இஷ்டமில்லை" என்று சொல்லிவிட்டால், வெளியே குடும்பத்தாரிடம் டாக்டர் ஒரே வரிதான் சொல்வார்: "இவர் கொடுக்க ஏற்றவர் இல்லை." ஏன், எதனால் என்று சொல்ல மாட்டார். வீட்டார் பரிசோதனையில் ஏதோ என்று நினைத்துக்கொள்வார்கள். மறுத்தவர் அந்த வீட்டிலேயே தலை நிமிர்ந்து வாழலாம். இதை இப்படி வெளியே எழுதலாமா என்று எனக்குக் குழப்பம். மேடத்தைக் கேட்டேன். "எழுது. தெரிஞ்சா இன்னும் நாலு பேர் தைரியமா முடியாதுன்னு சொல்லுவாங்க" என்றார்.

அனுமதி இல்லாமல் திரும்பிப் போனவர்களும் உண்டு. அம்பத்தூர் எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் தைக்கும் பெண் ஒருவர், நோயாளியின் சித்தி என்று வந்தார். சித்தி இல்லை என்று தெரிந்து நிறுத்தினோம். கதவருகே நின்று கேட்டார்: "என் ஒடம்பு, என் புள்ள படிப்பு, நடுவுல கவர்மென்ட்டுக்கு இன்னா வேல? வாணான்னு சொல்ல தெரியிது இல்ல? பதிலுக்கு இன்னா குடுப்பீங்க?" கேட்டுவிட்டுப் போய்விட்டார். அவரைத் திருப்பி அனுப்பியது சரிதானா என்று சில நாள் தோன்றும், சரிதான் என்று சில நாள் தோன்றும். இதை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் பெருமையாக எழுதினால் நன்றாக இருக்காது.

இனி, நான் பெருமைப்படும் கேஸைச் சொல்கிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

தணிகாசலம் பூந்தமல்லியில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருந்தவர். வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ். கையில் ஊசி குத்த நல்ல இடம் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. இப்படியே ரொம்ப நாள் ஓட்ட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனைவிக்குச் சர்க்கரை. உடன்பிறந்தவர்கள் இல்லை. அவருக்குக் கொடுக்க முன்வந்தவர் பாபு, அவர் பட்டறையிலேயே வேலை செய்பவர். ரத்தப் பிரிவு, பரிசோதனை எல்லாம் பொருந்திவிட்டன. ஆனால் முதலாளிக்குத் தொழிலாளி கொடுக்கிறார் என்றால், சட்டம் எதைக் கண்டு பயப்படுகிறதோ அது அப்படியே எதிரில் வந்து உட்கார்ந்த மாதிரி.

இருவரும் ஒரு கவர் நிறையப் புகைப்படங்கள் கொண்டுவந்தார்கள். பிறந்தநாள், பொங்கல், தீபாவளி என்று பின்னால் எழுதியிருந்தது. ஒன்றில் பாபு தணிகாசலத்துக்குக் கேக் ஊட்டுகிறார். சட்டைகள் வேறு வேறு. ஆனால் எல்லாப் படத்திலும் தணிகாசலத்தின் கையில் அதே பிளாஸ்திரி, அதே இடத்தில், அதே மடிப்போடு.

மேடம் பாபுவை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். நானும் இருந்தேன். ஊர், வேலை எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, "உங்க முதலாளி மேல உங்களுக்கு என்ன கோபம்?" என்றார்.

"கோவமா? அதெல்லாம் ஒண்ணும் கெடையாது மேடம். தெய்வம் மாதிரி."

"ஒரு சண்டை கூடப் போட்டதில்லையா?"

"இல்லீங்க மேடம்."

அவர் போன பிறகு மேடம் படங்களைக் கவருக்குள் போட்டார். "முதலாளி, தொழிலாளி. படம் பொய். கோபமே இல்லை. இவரை நான் அனுப்ப மாட்டேன்மா" என்றார். பிறகு, "அவர் மனைவியை நீ பாரு. தனியா. நான் வரலை" என்றார்.

கல்யாணமான ஒருவர் கொடுக்க முன்வந்தால் அவர் மனைவியிடமோ கணவரிடமோ சம்மதம் கேட்க வேண்டும் என்பது விதி. நான் அப்போதுதான் பிரசவ விடுப்பு முடிந்து திரும்பியிருந்தேன். நூம்பல் வீட்டில் அம்மாவிடம் குழந்தையை விட்டுவிட்டு வந்து, பால் குடித்தாளா, அழுதாளா என்று மணிக்கொரு தரம் போன் செய்துகொண்டிருந்த நாட்கள். இந்தக் கேஸை ஏன் என்னிடம் தருகிறார் என்று பயம். ஆனாலும் மேடம் செய்வது போலவே செய்தேன். போனை இழுப்பறையில் வைத்தேன். அது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று அம்மாவாக இருப்பவர்களுக்குத் தெரியும்.

பாபுவின் மனைவி தேவி, மடியில் ஒரு கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தார். தண்ணீரைக் கொடுத்துவிட்டுக் கேட்டேன்: "உங்க வீட்டுக்காரர் கொடுக்கறதுல உங்களுக்குச் சம்மதமா?"

அவர் திரும்பிக் கதவைப் பார்த்தார். "சாத்திட்டீங்க இல்ல?"

"சாத்திட்டேன்."

"எங்கிட்ட இத கேட்ட மொத ஆளு நீங்கதான். எங்க ஊட்ல ஒக்காந்து எல்லாம் பேசிகினு இருந்தாங்க. டீ போட்டு குடுத்துகினு இருந்தது நானு. என்னைய இன்னா கேட்டாங்கன்னு நெனைக்கிறீங்க? இன்னொரு டீ கீதான்னு கேட்டாங்க."

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். சிரித்த முகத்தோடேயே கண் கலங்கிவிட்டது.

"நாள் பூரா மெஷின்ல நிக்கிற மனுஷன். வெயிட்டு தூக்கணும். அதவுடுங்க. நாளைக்கு இந்தப் புள்ளைக்கு ஒண்ணு ஆச்சின்னா அப்பன்கிட்ட குடுக்கறதுக்கு இன்னா இருக்கும்? சொல்லுங்க."

அந்தக் குழந்தை என் அடையாள அட்டையின் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. எனக்கு வீட்டு நினைப்பு வந்துவிட்டது. அழாமல் இருப்பதே பெரிய வேலையாக இருந்தது.

"நா வாணான்னு சொன்னா இன்னா ஆவும்?" என்று தேவி கேட்டார்.

டாக்டர் வெளியே என்ன சொல்வார் என்று விளக்கினேன். நீங்கள் சொன்னது இந்த அறையைத் தாண்டாது என்றேன்.

"அய்ய, கவர்மென்ட்டே பொய் சொல்லுமா?"

"கவர்மென்ட் இல்ல. நாங்க."

அவருக்கு அது பிடித்திருந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தச் சமயத்தில்தான் எனக்குத் தோன்றியது. மேடத்தின் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டேன்: "உங்க வீட்டுக்காரருக்கு அவர் முதலாளி மேல ஏதாவது கோபம் உண்டா?"

"ஏதாவதா? பூசணிக்கா விஷயம் உங்களுக்குத் தெரியாதா?"

இருவரும் சின்ன வயதில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே பட்டறையில் உதவியாளாகச் சேர்ந்தவர்களாம். எந்தப் பட்டறைக்கு மாறினாலும் ஒன்றாகவே மாறியிருக்கிறார்கள். எங்கே இருந்தாலும் ஆயுத பூஜையன்று பூசணிக்காய் உடைப்பது பாபுதான். தணிகாசலம் சொந்தப் பட்டறை போட்ட முதல் வருடம், பூசணிக்காயைத் தன் மச்சினன் கையில் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து ஒரு வருடம் பாபு அவரிடம் பேசவில்லை. ஆனால் ஒரு நாள் கூட வேலைக்குப் போகாமல் இருக்கவில்லை. அளவு கேட்க வேண்டுமென்றால் டீக்கடைப் பையன் மூலம் கேட்பாராம். அடுத்த ஆயுத பூஜைக்குப் போனால், பாபுவின் மெஷின் மேல் பூசணிக்காய் உட்கார்ந்திருக்கிறது. தணிகாசலம் திரும்பிக்கொண்டு நிற்கிறார். பாபு எடுத்து உடைத்துவிட்டு, "பைசா போட்டியா உள்ள?" என்று கேட்டாராம். அவ்வளவுதான் சமாதானம்.

"இதை ஏன் எங்ககிட்ட சொல்லலை?"

"ஆஸ்பத்திரி எதிர்ல ஜெராக்ஸ் கடக்காரரு சொன்னாராம், சண்ட கிண்ட போட்டோம்னு சொன்னா கேஸு நிக்காது, போட்டோ எடுத்துகினு போங்கன்னு. ரெண்டும் போயி நாலு சட்ட மாத்தி போஸ் குடுத்துகினு வந்துதுங்க."

தேவியிடம் அனுமதி கேட்டுக்கொண்டு மேடத்திடம் சொன்னேன். மேடம் பாபுவை மறுபடி அழைத்து, "பூசணிக்காய் என்னாச்சு?" என்றார். பாபுவின் முகம் சிவந்தது. தெய்வம் மாதிரி என்று சொன்ன அதே மனிதர் அடுத்த அரை மணி நேரம் அந்தத் தெய்வத்தைத் திட்டித் தீர்த்தார். மேடம் குறுக்கே பேசவேயில்லை. பாபு பயந்து கொடுக்கவில்லை என்று எங்களுக்குத் தெளிவாகிவிட்டது.

ஆனால் தேவி இன்னும் பதில் சொல்லவில்லை. மறுநாள் வந்து, ஒன்றே ஒன்றைத் தணிகாசலத்திடம் சொல்லச் சொன்னார்: "அவரு வந்து என்னைய கேக்கட்டும். எங்கூட்டுக்காரரு வழியா இல்ல. அவரே."

டயாலிசிஸ் நாற்காலியில் இருந்தவரிடம் போய்ச் சொன்னேன். அவருக்குச் சுருக்கென்றது. "நா போயி அந்தப் பொண்ணுகிட்ட கேக்கணுமா? கேட்டு, முடியாதுன்னுச்சின்னா?"

"முடியாதுன்னும் சொல்லலாம் சார். அதுக்குத்தான் கேக்கறது."

அவர் மெஷினில் ஓடும் தன் ரத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மனிதருடைய உயிரை இப்படி ஒரு வாக்கியத்தில் தொங்கவிட எனக்கு என்ன அதிகாரம் என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நினைத்தேன். மெட்ரோ வேலைக்காகச் சாலையைக் குறுக்கியிருந்தார்கள். பஸ் நகரவில்லை. நினைக்க நிறைய நேரம் கிடைத்தது.

தணிகாசலம் போனார். அண்ணனூரில் பாபு வீட்டுக்கு. பாபு இல்லாத நேரமாகப் பார்த்துத் தன் மனைவியையும் கூட்டிக்கொண்டு போனாராம். பின்னால் தேவியே சொன்னார்.

"வாசப்படியிலேயே நிக்கிறாரு. உள்ள வாங்கண்ணேன்னா வரல. தேவி, ஒம் புருஷன் குடுக்கறேன்றான், ஒனக்கு சம்மதமான்னு கேட்டாரு. நா கேட்டேன், எம் புள்ளைக்கு நாளைக்கு ஒண்ணுன்னா இன்னாண்ணே பண்றதுன்னு. எங்கிட்ட பதில் இல்லம்மான்னாரு. அதான் மேடம். நா பாத்துக்கறேன், நா இருக்கேன், அது இதுன்னு பெருசா பேசியிருந்தார்னா வாணான்னு சொல்லியிருப்பேன்."

"என்ன சொன்னீங்க?"

"டீ குடிக்கிறீங்களாண்ணேன்னேன். எனக்கு தண்ணியே அளவுதாம்மான்னாரு. அரை கிளாஸ் குடுத்தேன்."

அந்த வாரமே தேவி வந்து, மூடிய அறைக்குள் என்னிடம் சம்மதம் சொன்னார். யாருக்காகவும் இல்லை, எனக்கே தோன்றித்தான் சொல்கிறேன் என்று தானாகவே சேர்த்துக்கொண்டார்.

படங்களை அறிக்கையிலிருந்து எடுத்துவிடலாமா என்று பாபு கெஞ்சினார். மேடம் மறுத்துவிட்டார். "இவை ஒரே நாளில் எடுக்கப்பட்டவை என்று அவர்களே கூறினர்" என்று எழுதி அப்படியே சேர்த்தோம். குழு கூடிய நாளில் நானும் கூடப் போனேன். குழுத் தலைவர் வயதானவர், அதிகம் பேசாதவர். தேவியைத் தனியாகக் கேட்டு முடித்த பிறகு இரண்டு ஆண்களையும் உள்ளே அழைத்தார். படங்களை மேசையில் பரப்பினார்.

"இதெல்லாம் எதுக்கு எடுத்தீங்க?"

"பாபுதான் சார் ஸ்டுடியோக்கு போலாம்னான்" என்றார் தணிகாசலம்.

பாபு நாற்காலியிலேயே திரும்பினார். "இன்னாண்ணே? நானா? நீதான அந்த ஜெராக்ஸ்காரன் பேச்ச கேட்டுகினு என்னைய இஸ்துகினு போன?"

"கேக்கு ஊட்டும்போது சிரிச்ச இல்ல? அப்ப தெரியலயா?"

"கேக்காவது என் கையில குடுத்த. பூசணிக்கா..."

"டேய், அத இன்னும் நீ வுடலியா?"

"வுட மாட்டேன். கிட்னி குடுத்தப்புறமும் வுட மாட்டேன்."

உறுப்பினர் ஒருவர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். தலைவர் படங்களை ஒன்றாக அடுக்கிக் கவரில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். "போதும். மிச்சத்தை வெளிய போய்ப் பேசிக்குங்க" என்றார். அனுமதி கிடைத்தது. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இருவரும் நன்றாக இருக்கிறார்கள் என்று காவ்யா சொல்லித்தான் தெரியும்.

என் கணவரின் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இவ்வளவுதான். சட்டம் யாரையும் நல்லவராக்காது. அன்பை அளக்க அதற்குத் தெரியாது. எதை விற்கலாம், விற்கக் கூடாது என்று அது சொல்வது எல்லாருக்கும் நியாயமாகவும் இருக்காது. அந்தத் தையல்காரப் பெண் இன்னும் என் கதவருகே நிற்கிறார். ஆனால் அந்தச் சட்டம் இல்லையென்றால் தேவியிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். டீ கொடுத்துவிட்டு உள்ளே போயிருப்பார். வீட்டுக்குள் கேட்காமல் விட்ட கேள்வியை அரசாங்கம் கேட்க வைத்தது. கேட்டவள் நான். என் மகள் பெரியவளானால் இதைச் சொல்வேன்.

அதனால் காவ்யா, சோபாவில் குடும்பமே உட்கார்ந்துகொண்டு பேசட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொருவரையும் நேரில் வரவழை. கதவை நீயே சாத்து. இதை விட்டுக் கொடுக்காதே.

நான் வேலையை விட்டதையும் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி அதிகமானது. மகளுக்கு அடிக்கடி காய்ச்சல். ராஜினாமாவை எடுத்துக்கொண்டு மேடத்திடம் போனேன். படித்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டார். தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

"மேடம், நானா எடுத்த முடிவுதான்" என்றேன்.

"அதை நான் கேக்கலையே. உன் வீட்டுக்காரர் மேல உனக்கு என்ன கோபம்?"

ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் காய்ச்சல் நாட்களில் யாருக்கு லீவு, யாருக்கு மீட்டிங் என்பதில் ஆரம்பித்து, ஈரத் துண்டு, பால் பாக்கெட், என் சம்பளத்தை அவர் "உன் பாக்கெட் மணி" என்று சொன்னது வரை எல்லாம் வந்தது. ராஜினாமாப் பேச்சை முதலில் யார் எடுத்தார்கள் என்று மேடம் கேட்டார். நான்தான் என்றேன். என் கணவர் வேண்டாம் என்றார், அதற்கும் சண்டை போட்டேன் என்றேன். மேடம் தலையாட்டிக்கொண்டே இருந்தார். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது பேனாவை எடுத்தார்.

"சரி. கோபம் நல்லாவே இருக்கே. உன் முடிவுதான்" என்று கையெழுத்துப் போட்டார்.